கட்டுனவளா, கொண்டாந்தவளா?

எங்கள் வீட்டு வளவில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் கிழக்குத் தாழ்வாரத்தின் மீது ஏறிவிடும். அந்த நேரத்தில் அப்பத்தா மேற்குப் பக்கத்து மரத்தூணில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி அமர்ந்துகொண்டு, தமிழ்க் குரல் கொடுக்கப்பட்ட கொரிய அரசவைத் தொடர்களை என் கைபேசியில் பார்ப்பது கடந்த ஓராண்டாக மாறாத வழக்கமாகிவிட்டது. அவருக்கு வயது 86. பெயர்கள் மனத்தில் நிற்பதில்லையாகையால் தாமாகவே பெயர் சூட்டிக்கொள்வார்: முழிக்காரி, பெரிய கொண்டை, பாவப்பட்ட மவராசி. ஆனால் கதையில் யாருக்கு யார் என்ன உறவு என்பது தெளியாமல் அடுத்த பகுதிக்குப் போக அவர் சம்மதிப்பதில்லை. சென்ற தை மாதத்தில் ஒருநாள், அரசனுக்கு அருகில் புதிதாக ஒரு பெண் வந்து அமர்ந்ததும், படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

“இவ கட்டுனவளா, கொண்டாந்தவளா ஆத்தா?”

எனக்கு விடை தெரியவில்லை. இரண்டும் இல்லை என்று இப்போது சொல்வேன். அல்லது, அந்தக் கேள்வியைத்தான் கொரிய அரசகுலம் ஐந்நூறு ஆண்டுகளாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தது என்று சொல்வேன். அவருக்கு விடை சொல்வதற்காகத் தொடங்கிய வாசிப்பு மாதக்கணக்கில் நீண்டுவிட்டதால், படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடர்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் 1392-இல் தொடங்கிய ஜோசொன் அரசமரபின் காலம். அதற்கு முன் ஆண்டது கொர்யோ மரபு. அதைத் தோற்றுவித்த வாங் கொன் என்னும் அரசனுக்கு மனைவியர் 29 பேர். காமத்தின் கணக்கு என்று இதைக் கொள்ள வேண்டாம். நாட்டின் பல பகுதிகளிலும் படையோடும் நிலத்தோடும் வலுவாக இருந்த தலைவர்களைப் போரிட்டு அடக்குவதைக் காட்டிலும் கொண்டான் கொடுத்தான் உறவு மலிவு என்பதை அவன் கண்டுகொண்டான். ஆளுக்கொரு மகளைப் பெற்றுக்கொண்டான். அவன் 943-இல் இறந்தபோது 25 மகன்களும், ஒவ்வொரு மகனுக்கும் பின்னால் ஒரு தாய்மாமன் படையும் இருந்ததால், மலிவாகக் கிடைத்த அமைதிக்குரிய விலையைப் பிள்ளைகள் கொடுக்க நேர்ந்தது. பின்னர் அந்த மரபினர் அரச இரத்தம் வெளியே போகாதிருக்கத் தம் குலத்துக்குள்ளேயே மணந்துகொண்டனர். வாங் கொனின் மகன் குவாங்ஜொங் மணந்தது வேறொரு தாய்க்குப் பிறந்த தன் சகோதரியை. இதைச் சொன்னபோது அப்பத்தா காதைப் பொத்திக்கொண்டார். ஒரே கோயிலில் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் என்றாலே சகோதர முறை என்று சம்பந்தம் பேசாத நகரத்தார் சமூகத்தில் பிறந்தவர் அவர். வியப்பு என்னவென்றால், அடுத்து வந்த ஜோசொன் காலத்தில் கொரியர்கள் நம்மைப் போலவே ஆகிவிட்டனர். ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உடையவர்கள் மணந்துகொள்ளக் கூடாதென்ற தடை அங்கே வேரூன்றி, 1997-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென்று கூறும்வரை சட்டத்திலேயே இருந்தது.

ஜோசொன் மரபின் முதல் அரசன் யி சொங்-கே. அவனுக்கு மனைவியர் இருவர். கொர்யோவின் இறுதிக் காலத்துப் பெருந்தலைவர்களிடையே இருந்த வழக்கப்படி ஒருத்தி ஊர் மனைவி, இன்னொருத்தி தலைநகர் மனைவி. கொண்டுவிற்கக் கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் மனைவி ஹான் குலத்தவள். ஆறு மகன்களைப் பெற்று, கணவன் அரியணை ஏறுவதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனாள். தலைநகர் மனைவி காங் குலத்தவள், அவளே அரசியானாள். அவள் பெற்ற இளைய மகன் பட்டத்து இளவரசனாக்கப்பட்டான். 1396-இல் அவள் இறந்தாள். 1398-இல் ஊர் மனைவியின் ஐந்தாவது மகன் யி பாங்-வொன், தலைநகர் மனைவி பெற்ற இரு மகன்களையும் கொன்று வழியைத் துடைத்துக்கொண்டான். 1400-இல் தேஜொங் என்ற பெயரில் அவனே அரசனானான்.

கொன்றதோடு அவன் நிற்கவில்லை என்பதுதான் நம் கதைக்கு முதன்மையானது. இறந்துபோன சிற்றன்னையின் நினைவும் அவனுக்கு இடைஞ்சலாக இருந்தது. அவள் மனைவியென்றால் கொல்லப்பட்ட பிள்ளைகள் முறையான வாரிசுகள்; அவள் மனைவி அல்லள் என்றால் அவன் செய்தது கொலையன்று, திருத்தம். எனவே 1409-இல் அவளுடைய கல்லறையை நகருக்கு வெளியே மாற்றினான். அடுத்த ஆண்டு, அங்கிருந்து பெயர்த்த கற்களைக் கொண்டு சொங்கே ஓடையின் மீது குவாங்தொங் பாலம் கட்டப்பட்டது. ஊரார் அனைவரும் நாள்தோறும் அவள் கல்லை மிதித்துப் போனார்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள அந்தக் கற்கள் சியோல் நகரின் நடுவே இன்றும் காணக் கிடக்கின்றன. அவற்றுள் சில தலைகீழாகவே பதிக்கப்பட்டிருக்கின்றன. 1413-இல், மனைவி இருக்கும்போது இன்னொரு மனைவியை மணக்கக் கூடாதென்றும், ஒருவனுக்கு மனைவி ஒருத்தியே, மற்றவர் எவராயினும் துணைவியரே என்றும் விதி வந்தது. துணைவியரின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. தேஜொங்குக்கே பலர் இருந்தனர். கோடு எண்ணிக்கையில் போடப்படவில்லை, தகுதியில் போடப்பட்டது.

கன்பூசிய நெறியைப் பின்பற்றியதால் வந்த சீர்திருத்தம் என்று இதைக் கூறுவார்கள். அந்த நெறியும் காரணம்தான். முன்னோர் வழிபாட்டில் தந்தையின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் யாருடைய பலகையை வைப்பது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டுமென்று அது வற்புறுத்தியது. ஆனால் ஊர் மனைவியின் மகன் தலைநகர் மனைவியைக் கோட்டுக்கு அப்பால் தள்ளுவதற்காக அதைக் கையில் எடுத்தான் என்பதை மறந்துவிட்டு அந்தச் சட்டத்தைப் படிக்க என்னால் முடியவில்லை.

சரி, கோட்டுக்கு இப்பால் நிற்கும் மனைவி எப்படி உருவானாள்? இங்கே கொரிய ஏடுகள் மிகவும் விரிவானவை. அரசனுக்கோ பட்டத்து இளவரசனுக்கோ பெண் தேடத் தொடங்கியதும் நாட்டில் மணத்தடை அறிவிக்கப்படும். குறிப்பிட்ட வயதுள்ள பெண்பிள்ளைகளை உயர்குடியினர் எவரும் அதுவரை மணமுடித்துக் கொடுக்கக் கூடாது. பெண்ணின் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம், தந்தை, பாட்டன், பூட்டன், தாய்வழிப் பாட்டன் ஆகியோரின் பெயரும் பதவியும் எழுதிய சீட்டை அரசுக்கு அனுப்ப வேண்டும். பிறகு மூன்று சுற்றுத் தேர்வு. முதற்சுற்றில் ஏறத்தாழ முப்பது பெண்கள்; இரண்டாவதில் ஐந்தாறு பேர்; மூன்றாவதில் மூவர்; இறுதியில் ஒருத்தி. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தாய்வீடு திரும்புவதில்லை. தனி மாளிகை ஒன்றில் தங்கி அரண்மனை நடைமுறைகளைக் கற்பாள். அதன் பிறகு ஆறு சடங்குகள் முறையாக நடக்கும். திருமணத்துக்கென்றே ஒரு தற்காலிக அலுவலகம் நிறுவப்படும். எத்தனை முழம் பட்டு, எத்தனை பல்லக்கு, எந்தத் தச்சர், எந்தத் தையற்காரி என்பது வரை எழுதி, ஊர்வலத்தை வண்ணப் படமாகவும் தீட்டி, அந்த அலுவலகம் ஒரு பதிவேட்டை விட்டுச் செல்லும்.

இதைப் படிக்கும்போது எங்கள் பெட்டகத்தில் இருக்கும் இசைகுடிமானங்கள் என் நினைவுக்கு வந்தன. இன்ன ஊரில் இன்ன கோயில் இன்னார் மகனுக்கு இன்ன ஊரில் இன்ன கோயில் இன்னார் மகளைக் கொடுக்கச் சம்மதம் என்று ஓலையிலும் பின்னர் தாளிலும் எழுதியவை அவை. கோயிலிலிருந்து மாலை வராமல் இங்கே திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுதல், நடப்பதில்லை. திருப்பூட்டியவுடன் அந்த இணை கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகிவிடும். வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்று அந்தப் புள்ளிக்கு உரியதாகும். கணவன் மனைவி பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்பதைக் கோயில் கேட்பதில்லை. புள்ளியென்றால் புள்ளி.

ஆனால் கொரியாவில் உயர்குடியினர் அந்தச் சீட்டை மகிழ்ச்சியோடு அனுப்பவில்லை. மகளை மறைத்தார்கள், வயதை மாற்றிச் சொன்னார்கள், அவசர அவசரமாக மணம் முடித்தார்கள். பிடிபட்டால் தண்டனை பெற்றார்கள். தேர்வுக்கு அனுப்ப ஆடை, பல்லக்கு, பணிப்பெண் என்று செலவு ஒருபுறம். மகள் அரசியானால் அரண்மனைப் பகையில் குடும்பமே அழியலாம் என்ற அச்சம் மறுபுறம். அரசன் பெண் கேட்டால் வணிகர் என்ன செய்வார்கள் என்பதற்கு எங்களிடமும் ஒரு வழிவழிக் கதை உண்டு. பூம்புகாரில் வாழ்ந்த நாளில் சோழ மன்னன் ஒருவன் எங்கள் குலப் பெண்களைச் சிறையெடுத்ததாகவும், 1502 ஆண்பிள்ளைகளை மட்டும் குருவிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் அந்தக் கதை சொல்கிறது. வரலாறா புனைவா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கொரியத் தந்தை சீட்டை எழுதாமல் தாமதித்த அந்தச் சில நாட்களில் அவன் நெஞ்சில் என்ன இருந்திருக்கும் என்பதை அறிய அந்தக் கதை எனக்கு உதவியது.

தேர்வுக்குப் போன ஒரு சிறுமியே பிற்காலத்தில் அதை எழுதியும் வைத்திருக்கிறார். ஹ்யெக்யொங் சீமாட்டி என்று அழைக்கப்படும் அவர் 1735-இல் பிறந்தவர்; 1744-இல் பட்டத்து இளவரசர் சாதோவுக்கு மணமுடிக்கப்பட்டவர். குலம் பெரிது, கையில் பணமில்லை. தேர்வுக்கு அணிந்து செல்லப் புதிய பாவாடை வேண்டியிருந்தது. இறந்துபோன மூத்த மகளின் திருமணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த துணியில் அவருடைய தாய் பாவாடை தைத்தார். உட்புறத்துக்குப் பழந்துணியைக் கொடுத்தார். பெண் பிறந்த நாளிலிருந்தே சீருக்கென்று பாத்திரமும் பட்டும் சேர்த்துப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் ஊர் இது. இறந்த மகளின் சீர்த்துணியை வெளியே எடுத்து, கத்தரிக்கோல் வைக்கும் கை எப்படி இருந்திருக்கும் என்பதை அப்பத்தாவிடம் நான் விளக்கவில்லை. அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இனித் துணைவியர். அரசிக்குத் தகுதி வரிசையில் எண் கிடையாது. அவர் வரிசைக்கு மேலே. துணைவியருக்கு முதல் தகுதியிலிருந்து நான்காம் தகுதி வரை, ஒவ்வொன்றிலும் மேல் கீழ் என்று பிரித்து எட்டுப் படிகள். எட்டிலும் உயர்ந்த படிக்குப் ‘பின்’ என்று பெயர். தமிழில் எழுதும்போது இந்தச் சொல் கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. பின்னால் நிற்பவள் என்று பொருள் கொண்டாலும் பெரிய பிழையாகிவிடாது. ஐந்தாம் தகுதியிலிருந்து கீழே ஒன்பது வரை அரண்மனை வேலை பார்க்கும் மகளிர். பிள்ளைகளுக்கும் பெயரிலேயே கோடு உண்டு. அரசி பெற்ற மகன் ‘தேகுன்’, துணைவி பெற்றவன் வெறும் ‘குன்’. அரசி பெற்ற மகள் ‘கொங்ஜு’, துணைவி பெற்றவள் ‘ஒங்ஜு’. துணைவியின் பிள்ளைக்கும் முறைப்படி தாய் என்பவர் அரசியே. பெற்றவளோ தகுதி வரிசையில் ஓர் எண். அவள் பெற்ற பிள்ளை வரிசைக்கு மேலே. தன் வயிற்றில் பிறந்ததற்கு முன்னால் அவள் ஒரு பணியாள்.

துணைவியாவதற்கு வழி இரண்டு. உயர்குடியிலிருந்து தேர்வு வைத்து, சிறிய அளவில் சடங்கும் செய்து அழைத்து வரப்பட்டவர்கள் ஒரு வகை. அரண்மனையில் வேலை செய்யும் பெண்களுள் அரசன் கண்ணில் பட்டவர்கள் இன்னொரு வகை. அப்பத்தாவின் கேள்விக்கு இந்த இடத்தில்தான் விடை சிக்கலாகிறது. அவர் கேட்ட பெண் இரண்டாம் வகை. கட்டினவளும் அல்லள், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவளும் அல்லள், ஏற்கெனவே அங்கே இருந்தவள். சிறுமியாக அரண்மனைக்குள் வந்தவள் அவள். ஏறத்தாழ 15 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு அத்தகைய பெண்ணுக்கு மணப்பெண் கோலம் போட்டு ஒரு சடங்கு செய்வார்கள். மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் அது. அன்று முதல் அவள் வளர்ந்த பெண், அரசனுக்கு உரியவள், வெளியே வேறெவரையும் மணக்க முடியாதவள். பெரும்பாலோரை அரசன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

அப்படி இருந்தவர்களுள் ஒருத்தி அரசனை மறுத்தாள் என்பது பதிவாகியிருக்கிறது. சாதோ இளவரசரின் மகனாகிய ஜொங்ஜோ அரசர், சொங் குலத்துப் பணிப்பெண் ஒருவரை இளமையில் விரும்பி அழைத்தார். அவருடைய மனைவிக்கு இன்னும் குழந்தை இல்லாதிருக்கும்போது தான் அதற்கு உடன்பட முடியாதென்று அவள் அழுது மறுத்தாள். அரசர் வற்புறுத்தவில்லை. சுமார் 15 ஆண்டுகள் கழித்து மறுபடியும் அழைத்தார், மறுபடியும் மறுத்தாள். இம்முறை அவர் அவளுடைய ஏவலர்களைக் கண்டித்துத் தண்டித்தார். அதன் பிறகே அவள் இணங்கினாள். 1782-இல் மகன் பிறந்தான். அவளும் ‘பின்’ தகுதிக்கு உயர்ந்தாள். 1786-இல் மகன் இறந்தான். அதே ஆண்டு, மீண்டும் கருவுற்றிருந்த நிலையில் அவளும் இறந்தாள். இத்தனையும் நமக்குத் தெரிவது அவளுடைய கல்லறைக்கு அரசர் தம் கையாலேயே எழுதிய வாசகத்தால். இதைப் பெருங்காதல் கதையாகத்தான் அனைவரும் சொல்கிறார்கள். அரசர் நெஞ்சில் அன்பு இருந்ததை நானும் ஐயப்படவில்லை. ஆனால் ஏவலர்களைத் தண்டித்தார் என்ற வரியையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த வரியில் நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்கிறேன்.

தேஜொங் போட்ட கோடு பிள்ளைச் சண்டையை நிறுத்த வேண்டும் என்பதற்காக. நிறுத்தியதா? துணைவி நிலையிலிருந்து அரசியாக உயர்வதற்குக் கதவு மட்டும் திறந்தே இருந்தது; அரசி இறந்தாலோ நீக்கப்பட்டாலோ துணைவியருள் ஒருத்தி அந்த இடத்துக்கு வரலாம். கதவு இருக்கும் இடத்தில் நெரிசல் இருக்கும். சொங்ஜொங் அரசனின் துணைவி யுன் 1476-இல் அரசியானாள், 1479-இல் நீக்கப்பட்டாள், 1482-இல் நஞ்சு கொடுக்கப்பட்டு இறந்தாள். அவள் மகன் யொன்சான் அரசனான பிறகு, 1504-இல் தன் தாயின் சாவுக்குக் காரணமென்று கருதிய தந்தையின் துணைவியர் இருவரைக் கொன்று, தொடர்புடைய அதிகாரிகளையும் பெருந்தொகையாக அழித்தான். இரண்டே ஆண்டுகளில் அவனே அரியணையை இழந்தான்.

சிவகங்கைச் சீமையில் வாழும் நமக்கு இத்தகைய வழக்குகள் புதியவை அல்ல. 1829-இல் கௌரி வல்லப உடையத் தேவர் ஆண் வாரிசின்றி இறந்தபோது மனைவியரும் மகள்களும் பங்காளிகளும் தொடங்கிய உரிமை வழக்கு, 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கும்வரை ஓடியது. நம்மவர் வக்கீலுக்குக் கொடுத்ததை அவர்கள் நஞ்சுக் கிண்ணத்தில் கொடுத்தார்கள் என்பதே வேறுபாடு.

தொடர்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி வருவது சுக்ஜொங் அரசனின் காலத்தை. அவன் 1674 முதல் 1720 வரை ஆண்டவன். அரசி இன்ஹ்யொனுக்குக் குழந்தை இல்லை. மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தில் பிறந்து, பணிப்பெண்ணாக வந்து துணைவியான ஜாங் என்பவளுக்கு 1688-இல் மகன் பிறந்தான். சில மாதங்களிலேயே அந்தக் குழந்தையை வாரிசாக அறிவித்தான் அரசன். 80 வயதைக் கடந்த பேரறிஞர் சொங் சி-யொல் இது அவசரம் என்று எதிர்த்து எழுதினார். அதற்காக 1689-இல் நஞ்சு கொடுக்கப்பட்டார். குவாங்தொங் பாலத்துக்குக் கல்லாகிப் போன தலைநகர் மனைவியை மீண்டும் அரசியாக ஏற்று, முன்னோர் ஆலயத்தில் பலகை வைக்க வேண்டுமென்று வாதாடி, 1669-இல் அதைச் சாதித்தவரும் இதே சொங் சி-யொல்தான். ஒரு பெண்ணைக் கோட்டுக்கு இப்பால் கொண்டுவந்து புகழ் பெற்றவர், இன்னொரு பெண் கோட்டைத் தாண்டுவதை மறித்து உயிர் விட்டார்.

1689-இல் இன்ஹ்யொன் நீக்கப்பட்டார். 1690-இல் ஜாங் அரசியானாள். 1694-இல் அரசன் மனம் மாறியது, அல்லது அவனுக்குத் தேவைப்பட்ட அரசியல் கட்சி மாறியது. இன்ஹ்யொன் திரும்ப அழைக்கப்பட்டார், ஜாங் பழையபடி ‘ஹுய்-பின்’ ஆனாள். இறக்கப்பட்ட படியில் நின்றுகொண்டு, தன் மகன் இன்னொருத்தியை அம்மா என்று அழைப்பதை ஏழு ஆண்டுகள் பார்த்தாள். 1701-இல் இன்ஹ்யொன் நோயால் இறந்தார். ஜாங் மாந்திரீகம் செய்து கொன்றாள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது; அதை அரசன் காதில் போட்டவள் இன்னொரு துணைவியாகிய சொவே என்று அரசவைக் குறிப்பு சொல்கிறது. பட்டத்து இளவரசனின் தாய் என்றும் பாராமல் ஜாங் சாக ஆணையிடப்பட்டாள். அதே ஆண்டில் அரசன் ஒரு விதியும் செய்தான்: இனித் துணைவி எவளும் அரசியாக உயர முடியாது. கதவு சாத்தப்பட்டது.

சாத்திய கதவுக்கும் விளைவு இருந்தது. சொவேயின் மகனும் சாதோ இளவரசரின் தந்தையுமான யொங்ஜோ 1724 முதல் 1776 வரை ஆண்டார். அவருடைய அரசி இறந்தபோது துணைவியர் இருந்தும் எவரையும் உயர்த்த முடியாது. ஆகவே 1759-இல், 65 வயதில், மறுபடியும் மணத்தடை, சீட்டு, மூன்று சுற்று எல்லாம் நடத்தி, 14 வயதுகூட நிறையாத பெண்ணை அரசியாக்கினார். எந்தப் பூ சிறந்தது என்று அவர் கேட்டதாகவும், மற்ற சிறுமியர் மலர்களின் அழகைச் சொல்ல இவள் மட்டும் ஊருக்கு ஆடை தரும் பருத்திப் பூ என்றதாகவும் ஒரு கதை வழங்குகிறது. சமத்து என்றார் அப்பத்தா. ஆனால் ஹ்யெக்யொங் சீமாட்டிக்கு இந்த மாமியார் பத்து வயது இளையவர் என்றதும், “அட கெடுவாய்” என்று கைபேசியையே முறைத்தார்.

யொங்ஜோவின் தாய் சொவே, அரண்மனையில் நீர் சுமந்த பெண் என்பது வழிவழிச் செய்தி. 1718-இல் மகன் அரசனாவதைக் காணாமலே இறந்தாள். தந்தை போட்ட விதியால் தாயை அரசி என்று அழைக்க மகனால் முடியாது. அரசர்களும் அரசியரும் இடம்பெறும் ஜொங்ம்யோ ஆலயத்துக்குள் அவள் பலகை நுழைய முடியாது. அவர் தனியே ஒரு சிற்றாலயம் கட்டினார். கட்டிய பிறகு பெயர்களை உயர்த்திக்கொண்டே போனார். துணைவியரின் ஆலயம் ‘ம்யோ’. அதனினும் உயர்ந்தது ‘குங்’. சாதாரணக் கல்லறை ‘ம்யோ’. அதற்கு மேல் ‘வொன்’. அரசர் அரசியருக்கு மட்டும் ‘நுங்’. அரசராகி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1753-இல், தாயின் ஆலயத்தைக் ‘குங்’ என்றும் கல்லறையை ‘வொன்’ என்றும் ஆக்கினார். ‘நுங்’ ஆக்கவில்லை. ஒரு படி மீதமிருந்தது. அரை நூற்றாண்டு ஆண்ட அரசனுக்கு அந்தப் படி எட்டவில்லை.

அந்த ஆலயம் இருக்கும் வளாகத்துக்குச் சில்குங் என்று இன்று பெயர். ஏழு ஆலயங்கள் என்று பொருள். அரசனையோ, இறந்தபின் அரசனாக்கப்பட்டவனையோ, இறுதி இளவரசனையோ பெற்ற துணைவியர் எழுவருக்கு உரியது. சியோலில் அங்கங்கே இருந்தவற்றை 1908-இல் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். ஏழாவது 1929-இல் வந்தது. அதனால் நேர்ந்தது என்னவென்றால், சொவேயும் அவள் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஜாங்கும் இப்போது ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள்.

பங்குனியில் எங்கள் வீட்டுப் படைப்புக்குப் பெட்டகம் திறந்தோம். முன்னோர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சேலையும் வேட்டியும் எடுத்து வைக்கும்போது, அடியில் ஒரு புகைப்படம் கையில் வந்தது. கைலி உடுத்து, கொண்டையில் பூச்சூடிய ஒரு பெண். மடியில் நான்கைந்து வயதுப் பிள்ளை. நான் கேட்காமலே அப்பத்தா சொன்னார். அவருடைய மாமனார் பர்மாவில் மோல்மேன் நகரில் கடை வைத்திருந்தார்; மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊருக்கு வருவார், போவார். 1942-இல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர், பிறகு போகவில்லை. “எங்க மாமியாருக்குத் தெரியும். கிழிச்சுப் போடல. அடியில வச்சுப் பூட்டுனாங்க.” அந்தப் பெண்ணின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேலே சேலைகளை அடுக்கினார்.

அன்று பிற்பகல் சில்குங் படங்களை அவருக்குக் காட்டினேன். ஏழில் ஆறு ஆலயங்களுக்குச் சதுரத் தூண்கள். ஜாங்கின் ஆலயத்துக்கு மட்டும் உருண்டைத் தூண்கள். நான்கே ஆண்டுகளானாலும் ஒருகாலத்தில் அரசியாக இருந்தவள் என்பதற்காக அந்த உரிமை அவளுக்கு விடப்பட்டிருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அப்பத்தா அந்தத் தூணை நெடுநேரம் பார்த்தார். பிறகு, தாம் சாய்ந்திருந்த தூணை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் காட்டினார்.

“இதுவும் உருண்டைதான். மோல்மேன்லேருந்து கப்பல்ல வந்த மரம்.”